திருவருகைக் காலம்: காத்திருக்கிறத பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

எங்க பங்குல பல வருஷமா ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுக்குறேன். நவம்பர் கடைசி வந்துட்டா போதும், பிள்ளைங்க, அவங்க அம்மாங்க, அன்பியத்துல (பங்குக்குள்ள இருக்கிற சின்ன ஜெபக் குழு) வர்ற பெரியவங்கன்னு எல்லாரும் அதே கேள்விங்களத்தான் திருப்பித் திருப்பி கேப்பாங்க. அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு. நான் சாமியாரும் இல்ல, இறையியல் படிச்சவளும் இல்ல, அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

அட்வென்ட்டுனா என்ன, எப்போ ஆரம்பிக்குது? ஒவ்வொரு வருஷமும் தேதி மாறுதே?

அட்வென்ட்டுங்கிறது லத்தீன் சொல்லுலருந்து வந்தது, அர்த்தம் 'வருகை', அவ்ளோதான். கத்தோலிக்கர் நாம திருவருகைக் காலம்னு சொல்றோம். நவம்பர் 30 அந்திரேயா அப்போஸ்தலர் திருநாள், அதுக்கு எந்த ஞாயிறு கிட்டக்க வருதோ அன்னிக்கு ஆரம்பிச்சு கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் போகும். அதனால நவம்பர் 27ல இருந்து டிசம்பர் 3க்குள்ள எந்த நாள்ல வேணா ஆரம்பிக்கும். 2025ல நவம்பர் 30, 2026ல நவம்பர் 29. நாலு ஞாயிறு கண்டிப்பா இருக்கும், ஆனா நாலு முழு வாரம் இருக்கணும்னு இல்ல, 2023ல பாருங்க நாலாவது ஞாயிறே டிசம்பர் 24தான், காலைல நாலாவது மெழுகுவர்த்தி ஏத்திட்டு ராத்திரியே கிறிஸ்மஸ் பூசைக்கு கிளம்பிட்டோம். திருச்சபைக்கு வருஷப் பிறப்பும் இதே முதல் ஞாயிறுதான். கொண்டாட்டத்தோட ஆரம்பிக்காம, காத்திருக்கிறதோட வருஷத்த ஆரம்பிக்கிறாங்க பாருங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இயேசு பிறந்து 2000 வருஷமாச்சு. பிறந்து முடிஞ்ச பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் காத்திருக்கணும்?

இது ஒரு ஆறாங்கிளாஸ் பையன் கேட்டது, அன்னிக்கு பதில் சொல்லத் தெரியாம ஜெபமாலை சொல்லுங்கன்னு பேச்ச மாத்திட்டேன். அப்புறம் தேடிப் பாத்தேன். 12ஆம் நூற்றாண்டுல பிரான்ஸுல இருந்த கிளேர்வோ பெர்னார்துங்கிற புனிதர் மூணு வருகைன்னு சொல்றாரு. முதல் வருகை பெத்லகேம்ல, பலவீனமான குழந்தையா. கடைசி வருகை மகிமையோட, எல்லாரும் பாக்குற மாதிரி. இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவது ஒண்ணு இருக்கு, அது வெளிய தெரியாம அவங்கவங்க உள்ளத்துல நடக்குறது. அட்வென்ட்ல மூணுமே இருக்கு. முதல் பாதில வாசகமெல்லாம் விழிச்சிருங்க, அவர் திரும்ப வருவாருன்னு இருக்கும், டிசம்பர் 17க்கு மேலதான் பெத்லகேம் பக்கம் திரும்பும். முதல் ஞாயிறு வாசகத்த கேட்டுட்டு "என்ன ஃபாதர், கிறிஸ்மஸ் வருதுன்னு பாத்தா உலகமே அழியற மாதிரி வாசிக்கிறாங்க"ன்னு கேக்குறவங்களுக்கும் இதே பதில்தான்.

ஊதா கலரு, 'உன்னதங்களிலே' பாடுறதில்ல... அப்போ இதுவும் தவக்காலம்தானா? ஒருசந்தி இருக்கணுமா?

முழுசா தவக்காலம் கிடையாது. தவக்காலத்துல அல்லேலூயா நின்னுடும், இப்போ நிக்காது, அதுலயே வித்தியாசம் தெரிஞ்சிடும். 'உன்னதங்களிலே'ய எதுக்கு நிறுத்துறாங்கன்னா, அது பெத்லகேம்ல வானதூதருங்க பாடின பாட்டு, கிறிஸ்மஸ் ராத்திரி திரும்ப கேக்கும்போது புதுசா இருக்கட்டும்னுதான். நடுவுல டிசம்பர் 8 அமல உற்பவ மாதா திருநாள் மாதிரி பெரிய திருநாள் வந்தா பாடுவாங்க.

ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் சாப்பிடுற நோன்பு, கட்டாயம் இல்ல. ஆனா பழைய காலத்துல இருந்திருக்கு, 5ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள்ல இருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் வாரத்துல மூணு நாள் ஒருசந்தி இருக்கச் சொல்லியிருக்காரு. கேரளா பக்கம் சீரோ மலபார் சபைக்காரங்க இப்பவும் டிசம்பர் 1ல இருந்து 25 நாள் நோன்பு இருக்காங்க, மீன் கறி ஒண்ணும் தொடமாட்டாங்க. எங்க ஆத்தா காலத்துல இங்கயும் சில வீட்டுல சுத்தபோசனம் (கறி இல்லாத சாப்பாடு) இருந்ததா சொல்லுவாங்க. முடிஞ்சா வெள்ளிக்கிழமை இருங்க, அத ஸ்டேட்டஸ்ல போடாதீங்க.

கல்யாணம் வைக்கலாமா?

சபைச் சட்டப்படி இப்போ முழுத் தடை கிடையாது, ஆனா காலத்தோட தன்மைய மனசுல வெச்சு எளிமையா வைக்கணும். நிறைய பங்குல பழைய வழக்கப்படி வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, அதனால மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஃபாதர கேட்டுடுங்க. எப்படியும் பாதி மாசம் மார்கழி, சொந்தத்துல இருக்கிற இந்துக்காரங்களும் அந்த நேரத்துல கல்யாணம் வைக்க மாட்டாங்க.

மெழுகுவர்த்தி வளையம் எங்கிருந்து வந்துச்சு? நம்ம தாத்தா காலத்துல இல்லையே?

இல்லதான். ஜெர்மனில ஹாம்பர்க்ல யோஹான் ஹின்ரிக் விஹெர்ன்னு ஒரு லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) போதகர், ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒரு இல்லம் நடத்திக்கிட்டு இருந்தாரு. பிள்ளைங்க தினமும் "கிறிஸ்மஸ் எப்போ, கிறிஸ்மஸ் எப்போ"ன்னு தொல்ல பண்ண, 1839ல ஒரு பழைய வண்டிச் சக்கரத்த எடுத்து அதுல 20 சின்ன சிவப்பு மெழுகுவர்த்தியும் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் வெச்சாரு. வார நாளுக்கு சின்னது, ஞாயித்துக்கிழமைக்கு பெருசு, தினம் ஒண்ணு ஏத்துவாங்க. அப்புறம் அது நாலா சுருங்கி, 1925 வாக்குல கொலோன்ல கத்தோலிக்கக் கோவிலுக்குள்ள வந்துச்சு. இன்னிக்கு நாம மூணு ஊதா ஒரு ரோஸ்னு வெக்கிறோம், சில சபைல நடுவுல வெள்ளையும் வெச்சு 24 ராத்திரி ஏத்துவாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், இது ஆரம்பத்துல அலங்காரமே இல்ல, பொறுமையில்லாத பிள்ளைங்களுக்கு "இன்னும் எவ்ளோ நாளு"ங்கிறத கண்ணுல காட்ட ஒருத்தர் கண்டுபிடிச்ச வழி. காசு கொடுத்து ரெடிமேடா வாங்க வேண்டாம். ஒரு தாம்பாளம், நாலு மெழுகுவர்த்தி, சுத்தி வேப்பிலையோ மாவிலையோ போதும். எங்க வீட்டுல துளசி வெப்போம், மழைக்கு அதுதான் செழிப்பா கிடக்கும்.

டிசம்பர் 1க்கே ஸ்டார் கட்டி, கேக் வெட்டி, கேரல் ரவுண்ட்ஸ் எல்லாம் ஓடுது. இது தப்பா?

தப்புன்னு நான் சொல்லமாட்டேன், நானே முதல் வாரத்துலயே ஸ்டார் கட்டிடுவேன், மழைல நனைஞ்சு கிழிஞ்சு ரெண்டாவது ஸ்டாரும் வாங்குவேன். ஆனா ஆபீஸ்ல ஒரு கேக், ஸ்கூல்ல ஒரு கேக், இளைஞர் இயக்கத்துல ஒண்ணு, அபார்ட்மென்ட்ல ஒண்ணுன்னு 24 ராத்திரி வரும்போது நாக்கும் சலிச்சுப்போய் மனசும் சலிச்சுப்போய், பூசைல பாதி பேர் தூங்கி வழியுறோம். பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்ட்டுகிட்டே இருந்தா விருந்து அன்னிக்கு எப்படி ருசிக்கும்.

ஒண்ணே ஒண்ணையாவது 24 வரைக்கும் தள்ளி வைங்க. குடில் கட்டினாலும் பாலன் சுரூபத்த வெக்காதீங்க, முன்னணை காலியா இருக்கட்டும். பிள்ளைங்க யாருக்காவது ஒரு நல்லது பண்ணினா ஒரு வைக்கோல் எடுத்து அதுல போடலாம், நாங்க மறைக்கல்வி வகுப்புல பண்ணுவோம். ஒரு வாலு ஒரே நாள்ல பதினேழு வைக்கோல் போட்டுட்டு "எல்லாம் நல்லதுதான் மிஸ்"னு சத்தியம் பண்ணுது.

காத்திருக்கிறதுனா கைய கட்டிக்கிட்டு சும்மா இருக்கிறதா?

இதுக்கு யாக்கோபு திருமுகம் அஞ்சாவது அதிகாரத்த படிங்க. ஆண்டவர் வர்ற வரைக்கும் பொறுமையா இருங்கன்னு சொல்லிட்டு, பயிரிடுறவர பாருங்க, முன்மாரியும் பின்மாரியும் பெய்யிற வரைக்கும் அவர் பொறுமையா காத்திருக்காரேன்னு சொல்லுது. முன்மாரின்னா பாலஸ்தீனத்துல ஐப்பசி வாக்குல விதைப்புக்கு வர்ற மழை, பின்மாரின்னா பங்குனி வாக்குல கதிர் முத்துறதுக்கு முன்னாடி வர்ற மழை.

எங்கப்பா சம்பா போடுவாங்க. டெல்டால அட்வென்ட் வர்ற நேரமும் சம்பா பொதி கட்டி கதிர் வாங்குற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு, அறுப்புக்கு தை ஆகணும். நடவு முடிஞ்சாச்சு, இனி காத்திருக்க வேண்டியதுதானேன்னு நான் சின்ன பிள்ளைல நெனச்சிருக்கேன். ஆனா அப்பா வீட்ல இருக்கவே மாட்டாங்க, களை பாக்கணும், வரப்பு உடைஞ்சா அணைக்கணும், எலிக்கு கிட்டி வெக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு மழை சத்தம் மாறினா டார்ச்ச எடுத்துக்கிட்டு போய் மடைய வெட்டி விட்டுட்டு வருவாங்க. இவ்ளோ பண்ணியும் ஒரு விஷயத்த மட்டும் அவங்களால பண்ண முடியாது, கதிர உள்ளருந்து இழுத்து வெளிய கொண்டுவர முடியாது. அது வர்றப்பதான் வரும்.

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். நம்ம வேலை எதுன்னு தெரிஞ்சு அத முழுசா செய்யணும், நம்ம வேலை இல்லாதது எதுன்னும் தெரிஞ்சு அதுல கைய வெக்காம இருக்கணும். இந்த ரெண்டாவதுக்கு நம்ம பழைய ஜெபப் புஸ்தகத்துல ஒரு பேர் இருக்கு, தாழ்ச்சி.

விசுவாசம் இருந்தா சந்தேகமே வரக்கூடாதா?

அட்வென்ட்ல ரெண்டாவது மூணாவது ஞாயிறு பூரா திருமுழுக்கு யோவான்தான் ஹீரோ. அவர் யாரு? ஆத்தங்கரைல நின்னுக்கிட்டு எனக்குப் பின்னாடி ஒருத்தர் வர்றாருன்னு கத்தினவரு. அவரையே ஏரோது ராஜா பிடிச்சு ஜெயில்ல போட்டதும், ஆள் அனுப்பி கேக்குறாரு, வரப்போறவர் நீங்கதானா, இல்ல வேற யாரையாச்சும் எதிர்பாக்கணுமான்னு. ஞாயிறு நற்செய்தி வருஷத்துக்கு வருஷம் மாறும், அதுல மத்தேயு வாசிக்கிற வருஷத்துல மூணாவது ஞாயிறு இதுதான் நற்செய்தி, நான் முன்னாடி சொன்ன யாக்கோபு வாசகமும் அன்னிக்கேதான் வரும். மகிழ்ச்சி ஞாயிறுன்னு பேரு, ரோஸ் கலர் மெழுகுவர்த்தி, ஆனா நற்செய்தில ஜெயில்ல அடைபட்ட ஒருத்தரோட சந்தேகம். இத யார் இப்படிச் சேத்து வெச்சாங்களோ, அவங்களுக்கு மனுசங்கள நல்லா தெரிஞ்சிருக்கு.

இயேசு கோவப்படல, ஏன் சந்தேகப்பட்டேன்னு கேக்கல. பார்வை இல்லாதவங்க பாக்குறாங்க, நடக்க முடியாதவங்க நடக்குறாங்க, போய் சொல்லுங்கன்னு மட்டும் அனுப்பினாரு. யோவானுக்கு ஜெயில் கதவு திறக்கவும் இல்ல.

கதவுன்னதும் இன்னொருத்தர் ஞாபகம் வர்றாரு, தீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லர எதிர்த்த லூத்தரன் போதகர். 1943 நவம்பர்ல பெர்லின் தேகல் ஜெயில்ல இருந்து நண்பருக்கு எழுதின கடிதத்துல, ஜெயில் அறை அட்வென்ட்டுக்கு நல்ல ஒப்பீடுன்னு எழுதியிருக்காரு. காத்திருக்கோம், நம்புறோம், ஏதோ அது இதுன்னு செஞ்சுக்கிட்டு இருக்கோம், ஆனா கதவு பூட்டியிருக்கு, வெளியிலருந்துதான் திறக்க முடியும்ங்கிற அர்த்தத்துல. 1945 ஏப்ரல்ல அவர தூக்குல போட்டாங்க. அதனால விசுவாசம்னா நாம கேட்டபடி கதவு திறக்கும்ங்கிற கேரண்டி இல்ல. வெளிய ஒருத்தர் இருக்காருன்னு நம்பி அந்த அறைக்குள்ள மனுசனா இருக்கிறது.

பழைய மொழிபெயர்ப்புல ஏசாயா 40:31 'கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து'ன்னு இருக்கும். நம்ம பொது மொழிபெயர்ப்புல அதே இடத்துல 'ஆண்டவர்மீது நம்பிக்கை வைத்திருப்பவரோ'ன்னு இருக்கும். ரெண்டுமே சரிதான், எபிரேயத்துல அந்த ஒரே சொல்லுக்கு காத்திருக்கிறதுன்னும் அர்த்தம், நம்பியிருக்கிறதுன்னும் அர்த்தம்.

எனக்கு ஜெபத்துலயே தூக்கம் வருது, இதுல எங்க விழிச்சிருக்கிறது?

மணமகன வரவேற்க விளக்கோட காத்திருந்த பத்து கன்னியர் உவமைய மறுபடி படிச்சுப் பாருங்க. மணமகன் வர லேட் ஆனதும் பத்து பேருமே தூங்கிட்டாங்க, எண்ணெய் வெச்சிருந்த அந்த அஞ்சு பேரும் சேத்துதான். தூங்கினதுக்கு யாரையும் திட்டல.

தாழ்ச்சி தாழ்ச்சினு சொல்றீங்க, அது அடங்கிப் போறதுக்கு ஒரு நல்ல பேரு தானே?

இது காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு கேட்டது, கோவமாவே கேட்டுச்சு, கோவத்துல நியாயம் இருக்கு. தாழ்ச்சியப் பத்தி பேசுறவங்க எப்பவும் மேல உக்காந்திருக்காங்க, கேக்குறவங்க கீழ உக்காந்திருக்காங்க. கல்லறைத் தோட்டத்துல கூட சாதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு வெச்ச ஊருங்க நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு, அந்த ஊர்ல ஒதுக்கப்பட்ட பக்கத்துக்காரங்ககிட்ட போய் தாழ்ச்சியா இருங்கன்னு பிரசங்கம் பண்ணினா அது நற்செய்தி கிடையாது.

மாதா பாட்ட பாருங்க, லூக்கா முதல் அதிகாரம். தம் அடிமையின் தாழ்நிலைய கண்ணோக்கினார்னு பாடுறாங்க. தாழ்நிலைங்கிறது அங்க ஒரு நல்ல குணம் இல்ல, சமுதாயத்துல அவங்க இருந்த இடம், கலிலேயால பேர் தெரியாத ஊர்ல ஒரு ஏழைப் பொண்ணு. அடுத்த அஞ்சு வசனத்துக்குள்ள வலியவங்கள அரியணைல இருந்து தூக்கி எறிஞ்சாரு, செல்வருங்கள வெறுங்கையா அனுப்பினாருன்னு பாடுறாங்க. அடங்கிப் போறவங்க பாடுற பாட்டா இது? உனக்கு ஒரு மகன் பிறப்பான்னு வானதூதர் வந்து சொன்னப்பவும் உடனே தலையாட்டல, இது எப்படி நடக்கும்னு கேட்டுட்டுதான் உம் சொற்படியே நடக்கட்டும்னாங்க.

அதனால என் கணக்குல தாழ்ச்சினா மனுசனுக்கு முன்னாடி குனியிறது இல்ல. நான் கடவுள் இல்லங்கிறத ஒத்துக்கிறது, கூடவே எதிர்ல இருக்கிறவனும் கடவுள் இல்லங்கிறத ஞாபகம் வெச்சுக்கிறது. யோவானும் இததான் சொன்னாரு, அவர் பெருகணும், நான் சிறுகணும்னு, ஆனா ஏரோதுக்கு முன்னாடி அவர் சிறுகவே இல்ல, அதுக்குத்தான் தலை போச்சு.

வருஷக்கணக்கா ஜெபிச்சும் கிடைக்கல. இன்னும் எப்படி காத்திருக்கிறது?

இந்தக் கேள்விய எங்கிட்ட கேக்குறவங்க பெரும்பாலும் பொம்பளைங்க, ஏன்னா என் கதை எங்க பங்குல எல்லாருக்கும் தெரியும். எனக்கு கல்யாணமாகி பதினாலு வருஷம், பிள்ளை இல்ல. முதல் வருஷத்துல இருந்தே கோவில் வாசல்ல "என்ன, விசேஷம் ஏதாச்சும் உண்டா?"ன்னு கேப்பாங்க. அட்வென்ட் வந்தா எனக்கு வயித்த கலக்கும், ஏன்னா வயசான காலத்துல திருமுழுக்கு யோவான பெத்த எலிசபெத்து கதை வாசிப்பாங்க, வாசிச்சு முடிச்சதும் நாலு பேர் வந்து கைய பிடிச்சுக்கிட்டு "பாத்தியா, அந்த வயசுலயே கொடுத்தாரு, உனக்கு கொடுக்க மாட்டாரா"ன்னு சொல்லுவாங்க. அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா எலிசபெத்த மருந்து சீட்டு மாதிரி எழுதிக் கொடுக்காதீங்கன்னு கத்தணும் போல இருக்கும். ஒரு வருஷம் டிசம்பர் பூரா கோவிலுக்கே போகல, உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன், அவருதான் தனியா போய்ட்டு வந்தாரு, என்னைய ஒரு வார்த்தை கேக்கல.

அப்புறம் எப்படி திரும்பினேன்னா பெரிய காட்சி ஒண்ணும் கிடைக்கல. மறைக்கல்விக்கு ஆள் இல்லன்னு சிஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டாங்க, மறுக்கத் தெரியாம போனேன். பாடம் தயார் பண்றப்பதான் லூக்கா ரெண்டாவது அதிகாரத்துல அன்னாவ கவனிச்சேன். ஏழு வருஷம் குடும்பம் நடத்தி, புருஷன் போயி, 84 வயசு வரைக்கும் கோவிலே கதின்னு கிடந்த கைம்பெண். அவங்க கதைல புருஷன் திரும்பி வரல, சொந்தப் பிள்ளை பத்தி ஒரு வார்த்தை இல்ல. கடைசில அவங்க பாத்தது வேற ஒருத்தி பெத்த பிள்ளைய. பாத்துட்டு சந்தோசமா எல்லார்கிட்டயும் அந்தப் பிள்ளையப் பத்தி சொல்லிக்கிட்டு திரியிறாங்க. எனக்கு அன்னிக்கு ரொம்ப நேரம் அழுகை.

இத ஆறுதலா எடுத்துக்கங்கன்னு உங்கள வற்புறுத்த மாட்டேன், எனக்கே சில டிசம்பர்ல இது பத்தாது. கோவமா இருந்தா கோவமாவே ஜெபிங்க, திருப்பாடல்ல நிறைய அப்படித்தான் இருக்கு, 'எத்தனை நாள் ஆண்டவரே'ன்னு 13ஆம் திருப்பாடல்ல மட்டும் நாலு தடவ கேக்குறாரு. காத்திருக்கிறவங்க பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், சாட்சி சொல்லாதீங்க, எந்த மாதா கோவில்ல தொட்டில் கட்டணும்னு அட்ரஸ் கொடுக்காதீங்க. டீ போட்டுக் கொடுங்க, போதும்.

டிசம்பர் 17க்கு மேல பூசைல ஏதோ ஸ்பெஷலா இருக்காமே?

ஆமா, 17ல இருந்து 23 வரைக்கும் மாலை ஜெபத்துல ஏழு நாளுக்கு ஏழு பழைய அழைப்பு வரும், ஞானமே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, இம்மானுவேலேன்னு ஒவ்வொரு பேரச் சொல்லி வாரும்னு கூப்பிடுறது. லத்தீன்ல அந்த ஏழு பேரோட முதல் எழுத்த கடைசில இருந்து சேத்தா 'நாளைக்கு வந்திடுவேன்'னு வருமாம்.

ஷிஃப்ட் வேலை, பிள்ளைங்களுக்கு அரைப்பரீட்சை, எதுக்கும் டைம் இல்ல. குறைஞ்சபட்சம் என்ன பண்றது?

திரிகால ஜெபம். 'ஆண்டவருடைய தூதர்'னு ஆரம்பிக்கிறது, முழுசா சொன்னாலும் ரெண்டு நிமிஷம். அட்வென்ட்டோட மொத்த விஷயமும் அதுக்குள்ள இருக்கு. ஒரு வேளை சொன்னா கூட போதும்.

இன்னொண்ணும் சொல்றேன். எப்படியும் நாளு பூரா எங்கயாவது காத்துக்கிட்டுத்தானே இருக்கோம், பஸ்ஸுக்கு, ரேஷன் கடைல, ஆஸ்பத்திரில டோக்கன் நம்பருக்கு. அதுல ஏதாவது ஒரு இடத்துல போன எடுக்காம சும்மா நில்லுங்க. நமக்கு முன்னாடி நிக்கிறவங்களும் எதுக்கோ காத்திருக்காங்கன்னு அப்பதான் கண்ணுக்குத் தெரியும். நான் இத ஆரம்பிச்ச முதல் நாளே முன்னாடி நின்ன பாட்டிக்கு ஃபார்ம் எழுதிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு, என் டோக்கன் தாண்டிப் போயிடுச்சு.

மூணு வாரம் போயிடுச்சு, ஒண்ணுமே பண்ணல. இனிமே ஆரம்பிக்கலாமா?

தாராளமா. இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமைல, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலைக்கு வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்தவர்தான் நம்ம முதலாளி. 2026ல நாலாவது ஞாயிறு டிசம்பர் 20, அதுக்கப்புறமும் நாலு நாள் முழுசா இருக்கு. நாலு மெழுகுவர்த்தியையும் அன்னிக்கே சேத்து ஏத்திக்கங்க, உயரம் ஏன் ஒரே மாதிரி இருக்குன்னு உங்க வீட்டு வாண்டுங்கள தவிர வேற யாரும் கேக்கப் போறதில்ல.